புதுத் தொட்டியும் புட்டிப்பால் ஆடும்

அத்தை கொடுத்த பூண்டை உரிக்கிற வேலைக்குக் கை போதும். மனசு சும்மாதானே இருக்கு, அதனால் இந்தக் கதை.

ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் சாமியம்மா என்று ஒருத்தர் இருந்தார். சாமியாரம்மாதான், ஆனாலும் ஆடு வளர்த்தார். அவருக்குச் செவந்தியப்பன் என்று ஒரு சீடர். குருவைவிட வயதில் மூத்தவர். முன்னே லாரி ஓட்டினவர்.

செவந்தியப்பனுக்கு ஒரே மகள், தமயந்தி. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்று அவளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது அவள் பக்கத்து டவுனில்தான் இருக்கிறாள். போய்ப் பார்க்க ஆசை. கதவைச் சாத்திவிடுவாளோ என்று பயம். தினமும் காலையில் சாமியம்மாவிடம் வந்து, சேர்த்துக்கொள்வாளா மாட்டாளா என்று கேட்பார். அவரும் ஒரு நாள் போங்க என்பார், ஒரு நாள் தெரியலையே என்பார். எது சொன்னாலும் மறுநாள் அதே கேள்விதான். சாமியம்மாவுக்கு அலுத்துப்போய்விட்டது.

ஆடுகள் தண்ணீர் குடிக்கிற பழைய தொட்டி ஓட்டையாகி, ஒரு நாள் புதுச் சிமெண்டுத் தொட்டி வந்து இறங்கியிருந்தது. நல்ல வெயில். மேய்ந்துவிட்டுத் தாகத்தோடு வந்த ஆடுகள் தொட்டியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டன.

செவந்தியப்பன் ஒரு ஆட்டைக் காதைப் பிடித்து இழுக்கப் போனார். விடுங்கள், அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சாமியம்மா தடுத்துவிட்டார்.

ஒரு குட்டிதான் முதலில் போனது. மோந்தது, தும்மியது, துள்ளி ஓடிவந்தது. மறுபடியும் போனது. விளிம்பை நக்கியது. காலால் தட்டியது. பெரிய ஆடுகள் கழுத்தை நீட்டி அதையே பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகப் போய், மோந்து மோந்து, குடிக்க ஆரம்பித்தன.

ஒன்று மட்டும் போகவில்லை. தாய் செத்ததால் சாமியம்மா புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு. மூச்சு வாங்க, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"இது ஆடா, வீட்டு மாப்பிள்ளையா? உபசரிச்சுக் கூப்பிட்டாத்தான் வருமோ" என்றார் செவந்தியப்பன்.

சாமியம்மா சிரிக்கவில்லை.

"ஏம்மா, அதுக்குத் தாகம் இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் போய் மோந்துகூடப் பாக்கல?"

"நான் இருக்கேனே."

செவந்தியப்பன் தலையைச் சொறிந்தார். பிறகு மெல்ல, "காலையில கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலியேம்மா. தமயந்தி கதவைத் திறப்பாளா?" என்றார்.

சாமியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே, நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க."

உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

ஆடு கதவையே பார்த்தது. அவரும் பார்த்தார். அது கத்திப் பார்த்தது. கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அது திரும்பித் தொட்டிப் பக்கம் ஓரடி வைத்தது.

செவந்தியப்பன் பையை எடுத்தார். படலைத் திறந்து ரோட்டுக்கு வந்தார். டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டரிடம் என்னவோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல், கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்து... இதோ வந்துட்டேன் அத்தை, பூண்டு உரிச்சாச்சு!