நாளொன்றுக்கு முப்பது குறைகள்

“தாயே, என் வலக்குதிகாலில் யாரோ குடியேறிவிட்டார்,” என்றார் வடமலை.

“யார்?”

“தெரியவில்லை. காலையில் பாயைவிட்டு எழுந்து முதல் அடி வைத்ததும் ஆணி அடிக்கிறார். இருபது அடி நடந்தால் ஓய்கிறார். மாலையில் சற்று உட்கார்ந்து எழுந்தால் மீண்டும் அடிக்கிறார்.”

“நேரம் தவறாதவர்,” என்றார் அம்மையார்.

வடமலை சிரிக்கவில்லை.

தாழைக்குன்றத்தின் அறுபதாம் படியருகே ஒரு பாறைக்குடைவில் வாழ்ந்தமையால், அவரை அறுபதாம்படி அம்மையார் என்று ஊரார் அழைத்தனர். வயது நாற்பது. துறவு மேற்கொள்ளுமுன் பதினான்கு ஆண்டுகள் மலைக்கிராமங்களுக்குத் தபால் சுமந்தவர்.

வடமலைக்கு வயது ஐம்பத்தொன்று. அவரால் மூன்றாம் படிக்கு மேல் ஏற இயலவில்லை. ஆகவே அம்மையாரே இறங்கி வந்திருந்தார்.

“என்ன தொழில் செய்கிறீர்கள், ஐயா?”

“பெருமாளைச் சுமக்கிறேன்.”

குன்றின் அடியில் உள்ள பெருமாள் கோயிலில் பல்லக்கைப் பன்னிருவர் சுமப்பர். முன் தண்டின் வலக்கோடி, இருபத்தாறு ஆண்டுகளாக வடமலையின் இடம். அங்கே நிற்பவர் எவ்வாறு அடி வைக்கிறாரோ, அவ்வாறே மற்றப் பதினொருவரும் வைத்தல் வேண்டும் என்பது அக்கோயிலின் முறை.

“பங்குனித் திருவிழாவுக்கு இன்னும் எண்பத்தெட்டு நாள் இருக்கிறது, தாயே. அதற்குள் இந்த ஆள் வெளியேறாவிட்டால் என் இடம் ஆதிமூலத்துக்குப் போய்விடும்.”

“ஆதிமூலம் யார்?”

“என் தங்கையின் கணவர். இருபது ஆண்டுகளாக எனக்குப் பின்னால் நின்று சுமக்கிறார். பெருமாளின் திருமுகத்தைவிட என் பிடரியை நன்றாக அறிவார்.”

“நல்ல பிடரியா?”

“சலித்துப்போயிற்றாம்.”

அம்மையார் கீழ்ப்படியில் அமர்ந்து அவருடைய காலை எடுத்துத் தம் மடிமேல் வைத்தார். வடமலை பதறினார்.

“தாயே, நீங்கள் என் காலைத் தொடலாமா?”

“நீங்கள் பெருமாளின் காலைச் சுமக்கிறீர்களே. அவர் தடுத்தாரா?”

குதிகாலுக்கு மேலே, கெண்டைக்காலோடு சேரும் தடித்த நரம்பை அவர் இரு விரலால் மெல்லக் கிள்ளினார். வடமலை பெருமாளின் பெயரைச் சொன்னார். பக்தியினால் அன்று.

“இதுவரை என்ன செய்தீர்கள்?”

“செங்கல்லைச் சுட வைத்து, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி மிதித்தேன்.”

“என்னவாயிற்று?”

“சுட்டது. பிறகு நாற்பது நாள் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். வலியே இல்லை. நாற்பத்தோராம் நாள் எழுந்தேன். நாற்பது நாளுக்கும் சேர்த்து அடித்தார்.”

“பல்லக்கைப் படுத்துக்கொண்டு தூக்க முடியுமா?”

“முடியாது.”

“எனில், அந்த மருந்து உங்கள் தொழிலுக்கு ஆகாது. அடுத்து?”

“கோபம் வந்தது. வெளிப்பிராகாரத்தை ஒரே மூச்சில் இருபத்தொரு முறை சுற்றினேன். குதிகாலில் இருந்தவர் மேல்மாடியையும் பிடித்துக்கொண்டார்.”

அம்மையார் அவருடைய காலைக் கீழே வைத்தார்.

“இந்தக் காலோடா பல்லக்குச் சுமந்தீர்கள்?”

“கார்த்திகைப் புறப்பாட்டில் சுமந்தேன். நொண்டியபடி.”

“மற்றவர்கள்?”

வடமலை தலைகுனிந்தார். “முறை இருக்கிறதே, தாயே. பதினொருவரும் நொண்டினார்கள்.”

“பெருமாள்?”

“ஆடி ஆடி வந்தார்.”

“ஊரார் என்ன சொன்னார்கள்?”

“கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். புதிய நடை என்றார்கள். தாயாரைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு வருகிறார் என்று சொல்லி ஒரு பெரியவர் அழுதே விட்டார். தர்மகர்த்தா அதற்கு நாணநடை என்று பெயர் வைத்துவிட்டார். பங்குனியில் மீண்டும் வேண்டுமாம். அழைப்பிதழில் அச்சிட்டாயிற்று. வெள்ளிதோறும் ஒத்திகை நடக்கிறது. ஒத்திகையில் இருவருக்கு உண்மையாகவே கால் பிடித்துக்கொண்டது.”

அம்மையார் முகத்தைக் குன்றின் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கின.

“நொண்டுவதைத்தானே கேட்கிறார்கள், ஐயா? நொண்டினால் இடம் நிலைக்குமே.”

“ஒரு புறப்பாட்டுக்கு நொண்டலாம். பங்குனியில் பத்து நாள், நாளுக்கு இருவேளை. மூன்றாம் நாளே விழுந்துவிடுவேன். மேலும்…”

“மேலும்?”

“பெருமாள் நொண்டுவது எனக்குப் பொறுக்கவில்லை, தாயே.”

அம்மையார் எழுந்தார்.

“படியின் விளிம்பில் நில்லுங்கள். முன்பாதம் மட்டும் கல்லில் இருக்கட்டும். குதிகால் வெளியே இருக்கட்டும். பாறையைப் பிடித்துக்கொள்ளலாம்.”

வடமலை நின்றார்.

“இரு காலாலும் எழும்புங்கள். இப்போது இடக்காலைத் தூக்கிவிட்டு, வலக்குதிகாலை மெல்ல இறக்குங்கள். இறக்கும்போது உங்கள் குறை ஒன்றைச் சொல்லுங்கள்.”

“வலிக்கிறது.”

“விரைவாகச் சொல்லிவிட்டீர்கள். குறையும் குதிகாலும் ஒரே நேரத்தில் கீழே போய்ச் சேர வேண்டும். முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.”

வடமலை மீண்டும் எழும்பினார்.

“என்… வலக்குதிகால்… ஓராண்டாக… என்னை… வதைக்கிறது.”

“அப்படி. இவ்வாறு காலையில் பதினைந்து, மாலையில் பதினைந்து.”

பதினொன்றாம் குறையோடு வடமலை நின்றுவிட்டார்.

“இன்னும் நான்கு,” என்றார் அம்மையார்.

“அவ்வளவுதான், தாயே. தீர்ந்துவிட்டது.”

“ஓராண்டு வலி என்றீர்கள். பதினைந்து வாக்கியத்துக்குக்கூடப் போதவில்லையா?”

எஞ்சிய நான்கையும் ஆதிமூலத்தைப் பற்றிச் சொன்னார். அவை முந்தைய பதினொன்றையும்விட நீளமாகவும் பிழையில்லாமலும் வந்தன.

மறுநாள் அம்மையாரின் பாய் மூன்றாம் படியிலேயே விரிக்கப்பட்டிருந்தது. ஏழு நாள் சென்றபின் எட்டாம் படியில் இருந்தது. அதற்கடுத்த வாரம் பதின்மூன்றில் இருந்தது.

“குருவின் இருக்கை ஓரிடத்தில் நிலைக்கவில்லையே,” என்றார் வடமலை.

“அதையும் படியின் விளிம்பில் நின்று சொல்லுங்கள்.”

அவர் நின்று சொன்னார்.

“ஏறும்போது வலித்தால் என்ன செய்வது?”

“சிறிது வலிக்கட்டும். மறுநாள் காலை ஆணிக்காரரைக் கேளுங்கள். நேற்று அடித்த அளவே அடித்தால் ஏறியது சரி. நேற்றைவிட ஓங்கி அடித்தால் ஏறியது மிகுதி.”

“அவர் அடிக்காவிட்டால்?”

“அப்போது நீங்கள் ஏதேனும் பிழை செய்வீர்கள்.”

ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் காலையில் ஆணிக்காரர் அடிக்கவில்லை. வடமலை அறுபது படியையும் ஓடியே ஏறினார். பாறைக்குடைவின் வாயிலில் நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“தாயே, பார்த்தீர்களா?”

அம்மையார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆணிக்காரர் துணைக்கு ஒருவரையும் அழைத்து வந்திருந்தார்.

வடமலை இருகையாலும் பாறையைப் பற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, இருபத்து மூன்றாம் படியில் இருக்க வேண்டிய பாய் பதின்மூன்றாம் படியில் இருந்தது. வடமலை விளிம்பில் ஏறி நின்று, தம்மைப் பற்றியே பதினைந்து குறைகள் சொன்னார்.

ஏழாம் வாரம் அம்மையார் அவருடைய தோளில் ஒரு சிறு மூட்டையை வைத்தார்.

“இதைச் சுமந்தபடி சொல்லுங்கள்.”

“இது எந்த யோகம், தாயே?”

“அரிசி. முடித்தபின் மேலே கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.”

ஒன்பதாம் வாரம் மூட்டை பெரிதாயிற்று. பத்தாம் வாரம் அம்மையார் அதன்மேல் ஒரு தேங்காயையும் வைத்தார். இதற்குள் குதிகாலைப் பற்றிய குறைகள் அருகிவிட்டன. ஆதிமூலமும் தீர்ந்துபோனார். வடமலை தர்மகர்த்தாவைத் தொடங்கி, அழைப்பிதழ் அச்சிட்டவரைக் கடந்து, காரணமே இல்லாமல் அண்டை ஊர்க் கோயிலின் மேளக்காரரிடம் வந்து சேர்ந்திருந்தார்.

“அவர் உங்களுக்கு என்ன செய்தார்?” என்று கேட்டார் அம்மையார்.

“ஒன்றும் செய்யவில்லை, தாயே. பதினைந்து ஆக வேண்டுமே.”

பன்னிரண்டாம் வாரம் பாய் மீண்டும் அறுபதாம் படிக்குப் போய்விட்டது. வடமலை மூட்டையோடு ஏறினார், மூட்டையில்லாமல் இறங்கினார்.

திருவிழாவின் முதல் நாள் விடிந்தது.

வடமலை பாயைவிட்டு எழுந்து முதல் அடி வைத்தார். ஆணி இறங்கியது. பழைய வேகம் இல்லை; ஆயினும் ஆணிதான். இரண்டாம் அடி, மூன்றாம் அடி, நான்காம் அடி. ஐந்தாம் அடியில் ஓய்ந்தது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எண்பத்தெட்டு நாள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குறைகள். அந்த ஆள் இன்னும் வெளியேறவில்லை. புறப்பாட்டுக்கு இரண்டு நாழிகையே இருந்தது.

முன் தண்டை ஆதிமூலத்திடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். குருவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுப்பது முறை ஆகாது என்பதால் குன்றை நோக்கி நடந்தார். அறுபது படியையும் ஏறினார். ஏறும்போது அதை அவர் கவனிக்கவில்லை.

பாறைக்குடைவின் வாயிலில் நின்றார். இவ்வளவு அதிகாலையில் அவர் வந்ததே இல்லை.

அம்மையார் அப்போதுதான் விழித்திருந்தார். பாயைச் சுருட்டினார். பாறையில் கையை ஊன்றி எழுந்தார். இடக்காலை முன்னே வைத்தார்.

முகம் சுளித்தார்.

பாறையைப் பிடித்தபடி, இடக்குதிகாலைத் தரையில் முழுதும் படவிடாமல், ஓர் அடி நொண்டினார். இன்னோர் அடி நொண்டினார். தண்ணீர்க் குடம் பத்து அடி தொலைவில் இருந்தது. அதை அடைந்தபோது நொண்டல் நின்றிருந்தது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சுனை இருக்கும் மேல்வழியை நோக்கித் திரும்பினார்.

வாயிலில் ஆள் நிற்பதைக் கண்டார்.

“எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள், ஐயா?”

“பத்து அடியாக, தாயே.”

அம்மையார் குடத்தைச் சற்று மேலே ஏற்றி இடுப்பில் பொருத்திக்கொண்டார்.

“என்ன செய்தி?”

வடமலை அந்த இடக்காலைப் பார்த்தார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தார்.

“எத்தனை ஆண்டு?”

“ஒன்பது.”

கீழே கோயிலில் மேளம் தொடங்கிவிட்டது.

“செய்தி ஒன்றும் இல்லை,” என்றார் வடமலை. வணங்கிவிட்டு இறங்கினார்.

அம்மையார் சுனைக்கு ஏறினார்.

கோயில் வாயிலில் பல்லக்கு ஆயத்தமாக இருந்தது. முன் தண்டின் வலக்கோடியில் ஆதிமூலம் நின்றிருந்தார். தோளில் துண்டைச் சும்மாடாக மடித்துப் போட்டிருந்தார். நெற்றியில் திருமண் புதிதாக மின்னியது. இருபது ஆண்டுகளில் முதன்முறையாக அவருக்கு முன்னால் எவருடைய பிடரியும் இல்லை.

“வாருங்கள், மச்சான். வரமாட்டீர்கள் என்று நினைத்தோம். வலி போயிற்றா?”

“போகவில்லை.”

“அப்படியானால் நானே…”

“நகருங்கள், மாப்பிள்ளை.”

ஆதிமூலம் அவருடைய முகத்தைப் பார்த்தார். பழக்கமில்லாத இடம்; பிடரியாக இருந்திருந்தால் உடனே புரிந்திருக்கும். சிறிது நேரம் தேடிப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

இதைக் கேட்டுத் தர்மகர்த்தா அழைப்பிதழ்க் கட்டோடு விரைந்து வந்தார்.

“வலி போகவில்லையா? நல்லதாகப் போயிற்று. நான் பயந்தே போனேன். அப்படியானால் நாணநடை உண்டு.”

“இல்லை,” என்றார் வடமலை.

“வலிக்கிறது என்றீரே?”

“வலிக்கிறது.”

“பிறகு?”

வடமலை தண்டின்கீழ்த் தோளைக் கொடுத்தார். பல்லக்கு எழுந்தது. பதினொருவரும் அவருடைய வலக்காலைப் பார்த்தனர்.

அவர் அதை எடுத்து முன்னே வைத்தார், குதிகால் முதலில்.