துண்டுக்குள் தவறிய மூன்று விரல்கள்

கடலில் இன்றைக்கு இருக்கும் உப்பில் பாதிகூட இல்லாத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொற்றந்துறை என்ற ஊரில் சாத்தன் என்று ஒரு மிளகு வியாபாரி. அவருக்கு வெண்ணி என்று ஒரே மகள். ஆசானிடம் கணக்கும் படித்தாள், வைத்தியமும் படித்தாள். படிப்பு முடிந்து வந்தவளுக்குக் குழப்பமோ குழப்பம். கடையில் உட்காருவதா, நாடி பார்க்கப் போவதா?

"கடைதான்!" என்றார் அப்பா. "நாடி பார்த்தால் ஊரே கும்பிடும். கும்பிட்டதை அளந்து உலையில் போட முடியுமா?"

வெண்ணிக்குக் கடையும் பிடிக்கும். சந்தைக் கூச்சல் என்றால் கொள்ளை ஆசை. "மூன்று பேரம் பேசுகிறேன் அப்பா. ஒன்றை முடித்தாலும் கடை. மூன்றும் போனால் வைத்தியம்" என்றாள். அந்த வருடத்து மிளகு மொத்தத்தையும் அவளை நம்பிச் சந்தைக்குக் கொண்டுவந்தார் சாத்தன்.

அந்த ஊர்ப் பேரம் வாயால் நடக்காது, தெரியுமா! இரண்டு பேர் கைமேலும் ஒரு துண்டு. உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். முழுக் கையையும் பிடித்துக் குலுக்கினால் இரட்டை விலை. துண்டு விழுந்தால் பேரமும் விழுந்தது.

முதலில் ஒரு குதிரைக்காரர் வந்தார். வெண்ணி துண்டுக்குள் கையை விட்டாள். விரலைப் பிடிக்க வேண்டிய கை மணிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டது! "ஐயா, புளித்த மோர் குடித்தீர்களா?" என்று கேட்டாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அடுத்து ஒரு சர்க்கரை வியாபாரி. மறுபடியும் மணிக்கட்டு! "உங்களுக்குக் கோபம் ஆகவே ஆகாது, ஐயா" என்றாள். அவருக்கு வந்ததே கோபம்! துண்டை வீசிவிட்டுப் போனார்.

சாத்தன் தலையில் அடித்துக்கொண்டார். "அடி பாவி, விரலைப் பிடி, விரலை!"

மூன்றாவதாக ஒரு கப்பல் வணிகர் வந்தார், போர்வையும் தலைப்பாகையுமாக. அவர் வெண்ணியின் கையை முழுசாகப் பிடித்தார். துண்டு கிடுகிடுவென்று ஆடியது. இரட்டை விலை! சாத்தன் மூட்டைமேல் ஏறிக் குதித்தார். வெண்ணிக்கும் தலைகால் புரியவில்லை. அவள் திருப்பி ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது, கடை அவளுடையது.

ஆனால் நாடி பார்த்துப் பழகிய அந்தப் பாழாய்ப்போன மூன்று விரல்கள் இருக்கின்றனவே! அவை மெல்ல நகர்ந்து மணிக்கட்டைத் தொட்டன. ஐயோ, நெருப்பாகக் கொதித்தது. மனிதர் குலுக்கவில்லை, குளிர் ஜுரத்தில் நடுங்கிக்கொண்டிருக்கிறார்!

வெண்ணி துண்டை உருவி எறிந்தாள். அவர் சரிவதற்குள் தாங்கிப் பிடித்தாள். "அப்பா, மிளகை எடுங்கள்!"

"வாங்கிவிட்டாரா?"

"கஷாயத்துக்கு!"

பொழுது சாயும்வரை கஷாயம் கொதித்தது. வணிகர் கண் திறந்தார், பிழைத்தார். மறுநாள் சாத்தனிடமே பேரம் பேசி மிளகையும் வாங்கினார், ஒற்றை விலைக்குத்தான். சாத்தன் விட்ட பெருமூச்சில் பாய்மரமே அசைந்தது.

அதற்குள் மூட்டைக்கு முன்னால் ஒரு வரிசை. குதிரைக்காரர், சர்க்கரைக்காரர், சந்தையே வந்து கையை நீட்டி நின்றது. ஒரு கை மட்டும் துண்டால் மூடியிருந்தது. வெண்ணி தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"உங்களுக்கு ஒன்றுமில்லை அப்பா. சந்தோஷம் கொஞ்சம் கூடிப்போயிருக்கிறது."

ஆகவே கேட்டவர்களே, பேரத்துக்கு நடுவிலும் உங்கள் கை தானாகத் தேடிப் போகிற வேலை எதுவோ, அதுவே உங்கள் தொழில்.