ரப்பர் சுற்றிய கிளிப்

“கேக்க வேண்டிய எடத்துல எல்லாம் கேட்டாச்சும்மா. ஒரு பக்கமிருந்தும் பதில் இல்ல” என்றார் கஸ்பார்.

வியாகுலம்மாள் கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

கஸ்பார் ஐம்பதைத் தாண்டியவர். சொந்தமாக ஃபைபர் படகு வைத்து மீன் பிடிப்பவர். வியாகுலம்மாளோ அவருடைய கடைசித் தங்கையைவிட வயதில் சின்னவர். கடற்கரையில் கொட்டகை போட்டு, வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார். கேட்டால் இரண்டு வார்த்தை புத்தி சொல்வார், அதுவும் மனசிருந்தால். இந்த அம்மாவிடம் போய் என்னத்தைப் படிக்கிறீர் என்று ஊரில் கஸ்பாரைக் கேலி செய்யாத ஆளில்லை. மனுஷன் அதையும் பொறுத்துக்கொண்டு போனார். அவ்வளவு தவிப்பு அவருக்கு.

மகள் பிரகாசி அவரோடு பேசி வருஷக்கணக்காகிறது. தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு, அதே கரையில் தள்ளியிருக்கும் வேம்பாருக்குப் போய்விட்டாள். போகிற அன்று கஸ்பார் பேசக் கூடாததெல்லாம் பேசினார். இப்போது அவள் திரும்பி வர வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

“என்னென்ன செஞ்சீங்க, அண்ணாச்சி?”

“செவ்வாய் தவறாம அந்தோணியார் கோயிலுக்குப் போறேன். வெள்ளிக்கிழமை ஒரு பொழுது இருக்கேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே போனேன். இங்கயும் வந்து உக்காருதேன்.”

“ஒண்ணு பத்தாதா?”

“நாலு செஞ்சா ஒண்ணாவது பலிக்கும்லா?”

“மீன் பிடிக்கிறதும் இப்படித்தானா?”

“அப்படித்தான். நாலு தூண்டில் நரம்பு போட்டுத்தான் படக ஓட்டுவேன்.”

“நாளைக்கு நானும் வாறேன்.”

அந்த ஊரில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. ஏறினால் மீன் படாது என்று ஒரு பேச்சு. குருவிடம் அதை எப்படிச் சொல்வது? கஸ்பார் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் கடல் கொஞ்சம் குலுக்கலாகத்தான் இருந்தது.

படகின் இரண்டு பக்கமும் கம்பி சுற்றிய உருளை. கம்பியின் நுனியில் ஈயக் குண்டு. கம்பியில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கிளிப்புகள். கஸ்பார் ஒவ்வொரு தூண்டில் நரம்பையும் ஒரு கிளிப்பில் மாட்டி, குண்டை ஆழத்துக்கு இறக்கினார். நரம்பின் முள் மாட்டிய முனை தண்ணீரில் கிடந்தது; மறுமுனை படகின் பின்னால் நட்ட கோலில் இருந்தது. மீன் கடித்து இழுத்தால் கிளிப் நரம்பை விட்டுவிடும். கோல் துள்ளும். ஆள் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியதுதான்.

படகு மெல்ல ஓடியது. கோல்கள் சும்மா நின்றன.

கஸ்பாரால் உட்கார முடியவில்லை. இந்தக் கோலைப் பார்த்தார், அந்தக் கோலைப் பார்த்தார். எஞ்சினைக் கூட்டினார், குறைத்தார். தூரத்தில் இன்னொரு படகில் ஒருவன் கோலோடு மல்லுக்கட்டுவது தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு வயிறு எரிந்தது.

“நான் ஏறினதாலதான் மீன் படலன்னு நெனைக்கீங்க.”

“ஐயோ, இல்லம்மா.”

“நெனைச்சா நெனைச்சேன்னு சொல்லுங்க. நான் நீந்தியா போயிருவேன்?”

கஸ்பார் கோல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாகுலம்மாள் மிச்சமிருந்த ஒரு கிளிப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சைக்கிள் டியூபைக் கீறி எடுத்த ரப்பர் அதில் இறுக்கிச் சுற்றியிருந்தது.

“இது என்னத்துக்கு?”

“பெரிய தொல்லைம்மா. அலை அடிச்சாலே கிளிப்பு விட்டுரும். கோல் துள்ளுதேன்னு ஓடிப்போய்ப் பாத்தா ஒண்ணும் இருக்காது. திரும்பக் குண்டத் தூக்கி, நரம்ப மாட்டி, எறக்கி... ஒரு நாளைக்கு எத்தன தடவ ஏமாறது? அதான் எல்லாத்துக்கும் ரப்பர் சுத்திட்டேன். இனி பெரிய மீன் இழுத்தாத்தான் விடும்.”

“சின்னது கடிச்சா?”

“சின்னது யாருக்கு வேணும்?”

வியாகுலம்மாள் எழுந்தார். இடது பக்க உருளையின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார்.

“அம்மா, இன்னும் ஒண்ணும் கடிக்கல. கோலப் பாருங்க, அசையவே இல்ல.”

அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். மேல் கிளிப் வந்தது. அதன் நரம்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கீழ்க் கிளிப் வந்தது. அது கவ்வியிருந்த நரம்பைப் பிடித்துக் கையால் இழுத்தார்.

நுனியில் ஒரு பாரை மீன். முழங்கை நீளம்கூட இல்லை. வாய் பிளந்து, கண் வெளுத்து, தண்ணீரில் இழுபட்டு இழுபட்டு ஒரு பக்கம் செதில் எல்லாம் போயிருந்தது.

கஸ்பார் அதைத் தொட்டுப் பார்த்தார். விறைத்துக் கிடந்தது.

“எப்பக் கடிச்சது, அண்ணாச்சி?”

“தெரியலியே. போட்ட ஒடனே கடிச்சிருக்கும் போல.”

அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் கடலில் கிடந்தவர், தன் படகுக்குப் பின்னால் ஒரு உயிர் துடித்துச் செத்ததை அறியாமல் நின்றிருக்கிறார்.

வியாகுலம்மாள் மீனைப் பலகையில் வைத்தார்.

“பிரகாசிகிட்டயிருந்து இதுவரைக்கும் ஒண்ணுமே வரலியா?”

“வரல. அவளே வந்து வாசல்ல நிக்கணும், வேற எவன் வந்தாலும் கதவத் தெறக்காதீங்கன்னு வீட்டுல சொல்லி...”

பாதியில் நிறுத்தினார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“யாரு வந்தா?” என்று கேட்டார் வியாகுலம்மாள்.

“ஈஸ்டர் அன்னைக்கு அவ வீட்டுக்காரன் வந்தான். ஜன்னல் வழியாப் பாத்தேன். ரொம்ப நேரம் வெயில்ல நின்னான். கையில பிள்ள இருந்துச்சு.”

“ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?”

கஸ்பாரின் வாய் கோணியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தெரியாதும்மா.”

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. பின்னால் போய்ச் சுக்கானைப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டினார். படகு சாய்ந்து வேம்பார் பக்கம் திரும்பியது. வலது பக்கத்துக் குண்டு இன்னும் ஆழத்தில்தான் கிடந்தது. அதன் நரம்புகள் படகுக்கு அடியில் போய்விட்டன.

“அண்ணாச்சி, நரம்பு எஞ்சின் விசிறியில சுத்தப் போகுது.”

“கத்தி உங்க காலடியில கெடக்கும்மா. அறுத்து விடுங்க.”