பெயர் வெட்டிய விளக்குகள்

உப்பளங்களுக்கு நடுவே ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட ஒரு கூடம், ஒரு சமையல் கட்டு, வாசலில் ஒரு புன்னை மரம், அவ்வளவுதான். அங்கே இருந்த அம்மையாருக்கு நாற்பது வயது இருக்கும். அவரைக் குருவாக எண்ணி வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். எல்லோரிலும் மூத்தவர் வைத்திலிங்கம்.

ஒரு மத்தியான வேளையில் அவர் வந்தார். குடையை மடக்காமலே வாசலில் நின்றார்.

"என்னங்கய்யா, அங்கேயே நின்னுட்டீங்க?"

"ஒண்ணு கேக்கணும்மா. பித்தளைக்குள்ள ஆள் இருக்க முடியுமா?"

அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எந்த ஆளு?"

"செத்த ஆளு."

"குடையை மடக்கிட்டு உள்ள வாங்க."

வைத்திலிங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினத்தில் சொந்த வீடு. பிள்ளை குட்டி கிடையாது. பழைய பூஜைச் சாமான் என்றால் பித்து. கும்பகோணத்தில் ஒரு மண்டபத்தின் பின்கட்டில் மாதாமாதம் ஏலம் நடக்கும். வீட்டை இடிக்கிறவர்கள், பாகம் பிரிக்கிறவர்கள், பிள்ளையோடு வெளிநாட்டுக்குப் போய்விடுகிறவர்கள் எல்லோருடைய சாமான்களும் அங்கே வந்து குவியும். பெரிய விக்கிரகங்கள் பக்கம் அவர் போக மாட்டார். அதற்கெல்லாம் ஆள் வேறு, வம்பு வேறு. கைவிளக்கு, தூபக்கால், கைமணி, குங்குமச் சிமிழ் என்று உள்ளங்கையில் அடங்குகிற சாமான்தான் அவருக்கு வேண்டும்.

வெளியே அவர் சங்கோசி. பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே தயங்குவார். ஏலக் கூடத்தில் வேறு ஆள். ஏலக்காரர் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இழுக்கும்போது அவர் கை தானாக மேலே போகும். அதிலும் பெயர் வெட்டிய சாமான் வந்துவிட்டால் விடவே மாட்டார். பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது பாத்திரத்தின் அடியிலோ விளிம்பிலோ அவள் பெயரை உளியால் வெட்டிக் கொடுப்பது நம்மூர் வழக்கம். மற்றவர்கள் பெயர் இருந்தால் வேண்டாம் என்று ஒதுக்குவார்கள். வைத்திலிங்கத்துக்கு அந்தப் பெயர்தான் சாமான்.

ஒருமுறை அவர் மனைவி, "நானும் ஒருநா ஏலத்துக்கு வரட்டுமா?" என்று கேட்டாளாம். "அங்க பொம்பளைங்க யாரும் வர்றதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது அவர் பையில் செங்கமலமும் தைலம்மையும் இருந்தார்கள்.

"வீட்ல சரியில்லம்மா" என்றார் வைத்திலிங்கம்.

"யாருக்கு?"

"அவளுக்கு."

"என்ன செய்யுது?"

"செத்துப்போன பொம்பளைங்க பேருக்கெல்லாம் பதில் சொல்றா. மொதல்ல செங்கமலம். அது ஒரு காமாட்சி விளக்கு. சாயங்காலமா தொடைச்சுக்கிட்டே அந்தப் பேரைச் சொன்னேன். அடுப்படியிலேருந்து 'இதோ வந்துட்டேன்'னு குரல் வருது."

"விளையாட்டுக்குச் சொல்லியிருக்கலாம்."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். ஈரக் கையைத் தொடைச்சுக்கிட்டு வந்து எதிர்ல நின்னா. 'மாட்டைக் கட்டியாச்சா'ன்னு கேக்குறா. எங்க வீட்ல மாடு ஏதும்மா?"

அம்மையார் ஒரு தண்டை ஒடித்துப் பார்த்துவிட்டு, முற்றல் என்று தள்ளி வைத்தார்.

"அப்புறம் கைவிளக்கு. தைலம்மைன்னு வெட்டியிருக்கு. அந்தப் பேரைச் சொன்னா நடையே மாறிப்போகுது. ஒரு காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு வர்றா. இவ கால்ல ஒரு குறையும் இல்ல. போன வாரம் ஒரு குங்குமச் சிமிழ் எடுத்தேன். குஞ்சம்மாள்னு பேரு. உள்ள பழைய குங்குமம் கல்லா இறுகிக் கெடந்துச்சு. காலையில பாக்குறேன், இவ நெத்தியில அந்தக் குங்குமம். கறுத்துப்போன குங்குமம்மா. இதை ஏன் வச்சேன்னு கேட்டா, 'என் சிமிழ்தானே'ங்கிறா."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். மறதி வியாதின்னாரு. மாத்திரை எழுதிக் குடுத்தாரு. மறதின்னா தெரிஞ்சதுதானே மறக்கணும்? இவளுக்குத் தெரியாததெல்லாம் தெரியுதேம்மா."

அவர் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

"பக்கத்துல வந்து படுக்கிறது யாருன்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு. அவ எனக்குத் திரும்பக் கெடைச்சாப் போதும்."

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"ஒரு பூசாரியைக் கேட்டேன். சாமானையெல்லாம் கடல்ல போடுன்னாரு."

"போட்டீங்களா?"

வைத்திலிங்கம் குடைக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மனசு வரல" என்றார்.

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் இரக்கமும் எரிச்சலும் ஒன்றாகவே வருகிறது. அம்மையாருக்கு என்ன வந்ததோ தெரியாது. அவர் கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்குப் பொழுது சாயறப்ப வர்றேன். வழக்கமா என்ன செய்வீங்களோ, அதையே செய்யுங்க."

மறுநாள் அம்மையார் சொன்னபடி வந்தார். வீடு துப்புரவாக இருந்தது. கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே வரிசை வரிசையாகச் சிறிய விளக்குகளும் மணிகளும் சிமிழ்களும். எந்த விளக்கிலும் எண்ணெய் இல்லை, திரி இல்லை. சாயங்கால வெளிச்சம் கண்ணாடியில் பட்டு எல்லாம் ஏற்றி வைத்ததுபோல மின்னின. அம்மையாருக்கு அது பிடிக்கவில்லை. பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

வைத்திலிங்கத்தின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மெலிந்த உடம்பு. நல்ல சிரிப்பு.

"உங்க பேரு என்னம்மா?"

"எந்தப் பேரு வேணும்?" என்று கேட்டாள் அவள். காப்பிக்குச் சீனி போடட்டுமா வேண்டாமா என்று விருந்தாளியைக் கேட்பதுபோல, அவ்வளவு சாதாரணமாக.

அவள் பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வைத்திலிங்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து காமாட்சி விளக்கை எடுத்தார். புளி போட்டுத் தேய்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. புளி பட்டால் சாமானின் வயது போய்விடும் என்பார். பழைய வேட்டித் துணியால் மெதுவாகத் துடைத்தார். பிறகு அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் படித்தார்.

"செங்கமலம்."

விரலால் எழுத்துகளைத் தடவினார்.

"செங்கமலம், எந்த ஊரும்மா நீ? யாரு உனக்கு இதைச் சீர் குடுத்தாங்க? ஆசையாத்தான் குடுத்திருப்பாங்க, இல்ல?"

இப்படி ஒரு குரல் அவரிடம் உண்டு என்று மின்சார வாரியத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு கனிவு.

"இதோ வந்துட்டேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அவள் வந்து நின்று, "மழை வரும்போலருக்கு, மாட்டைக் கட்டிட்டாங்களா?" என்றாள். வெளியே வானத்தில் மேகமே இல்லை.

வைத்திலிங்கம் அடுத்த விளக்கை எடுத்தார்.

"தைலம்மை."

அவள் முகத்தில் சிரிப்பு அணைந்தது. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து அவர்களைத் தாண்டிப் போனாள். கிழக்குச் சுவருக்கு எதிரே நின்றாள். வெள்ளையடித்த வெறும் சுவர். அதில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. அவள் கை சுவரில் தாழ்ப்பாளைத் தேடியது, வழக்கமாகத் திறக்கிற கதவைத் தேடுவதுபோல, ஒரே உயரத்தில்.

"பிள்ளை அழுவுது" என்றாள். "யாராவது கதவைத் திறங்களேன். ரொம்ப நேரமா அழுவுது."

அம்மையார் தம்ளரைத் தரையில் வைத்தார்.

"ஐயா, போதும். அதைக் கீழ வைங்க."

வைத்தார்.

"இப்ப உங்க வீட்டம்மாவைக் கூப்பிடுங்க."

"இந்தா" என்றார் வைத்திலிங்கம்.

அவள் திரும்பவில்லை.

"ஏ, இந்தா. உன்னைத்தான்."

கை சுவரைத் தடவிக்கொண்டே இருந்தது.

"பேரு சொல்லிக் கூப்பிடுங்க" என்றார் அம்மையார்.

வைத்திலிங்கம் தலைகுனிந்தார்.

"எங்க வீட்ல அந்த வழக்கம் இல்லம்மா. எங்கப்பா எங்கம்மாவைப் பேரு சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. நானும் கூப்பிட்டதில்ல."

"விளக்கைக் கூப்பிட்டீங்களே."

"அது... படிச்சேன்."

"நீங்க படிச்சீங்க. அடுப்படியில இருக்கிறவங்களுக்குக் கூப்பிடுற மாதிரிதானே கேட்டிருக்கு."

"சரிம்மா. அதுக்கு இந்த மாடு, பிள்ளை, கதவு... இதெல்லாம் எப்படி அவளுக்குத் தெரியும்?"

"கூப்பிட்ட வீட்டுக்குப் போயிருக்காங்க. போன வீட்ல என்ன இருக்குன்னு பாத்திருப்பாங்க."

வைத்திலிங்கம் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். கல்யாணப் பத்திரிகையில் படித்ததோடு சரி, அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை. நாக்கு தடுமாறியது.

"நீலாயதாட்சி."

சுவரில் கை நின்றது.

"நீலாயதாட்சி" என்றார் மறுபடியும், கொஞ்சம் உரக்க.

அவள் திரும்பினாள். அவர் அருகே வந்தாள். வாசலில் வந்து விலாசம் கேட்கிற அந்நியரிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசினாள்.

"அந்தப் பொண்ணு இங்க இல்லீங்களே. அது போயி ரொம்ப நாளாச்சு."

வைத்திலிங்கம் அவள் பக்கம் கை நீட்டினார்.

"வந்தா சொல்றேன்" என்றாள் அவள். பிறகு தண்ணீர்த் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அழுதார். அம்மையார் தடுக்கவில்லை. அழுகை ஓய்ந்த பிறகு கேட்டார்.

"அவங்க கொண்டாந்த சீர்ல பேரு வெட்டினது ஏதாவது உண்டா?"

"ஒரு குத்துவிளக்கு இருந்துச்சும்மா. அவ அப்பா எங்கேயோ கடன் வாங்கிச் செஞ்சு குடுத்தது."

"இந்த அலமாரியில பாக்கலியே."

"அது புதுச் சாமான். அதுக்கு வயசில்ல." சொல்லிவிட்டு அவரே அந்தச் சொல்லைக் கேட்டு நிறுத்தினார். "ஏலத்துல குடுத்துட்டு ஒரு பழைய கைமணி எடுத்தேன். அவகிட்ட கேக்கல. கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருக்க மாட்டா."

"விளக்கை யாரு எடுத்தாங்க?"

"தெரியலம்மா. பின்வரிசையில யாரோ கை தூக்கினாங்க. நான் முகத்தைப் பாக்கல."

கூடத்தில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அலமாரிக்குள் மினுக்கம் ஒவ்வொன்றாக அவிந்தது.

"இந்நேரம் அதை யாரோ தொடைச்சுக்கிட்டிருப்பாங்க" என்றார் அம்மையார்.

வைத்திலிங்கம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எங்கோ ஒரு ஊரில், ஒரு ஜன்னலோரத்தில், முகம் தெரியாத யாரோ அவர் மனைவியின் பெயரை மெதுவாகப் படிப்பது அவருக்குக் கேட்டதோ என்னவோ.

"எல்லாத்தையும் நாளைக்கே கடல்ல போட்டுடறேன்."

"சாமான் என்ன செஞ்சுது, பாவம்."

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"கூப்பிடுங்க."

"கூப்பிட்டேனேம்மா. நீங்களே பாத்தீங்களே."

"திரும்பக் கூப்பிடுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அவங்க எத்தனை நாள் காத்திருந்தாங்களோ, அத்தனை நாளைக்கு."

வைத்திலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவு ஆயுசு எனக்குக் கெடையாதேம்மா" என்றார்.

அம்மையார் வாசற்படியில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அவங்களுக்கும் இல்ல. கூப்பிடுங்க."