நாற்காலியை விட்டு வந்தவள்

தூத்துக்குடியில் இரும்புப் படகு கட்டும் பட்டறைக்கு பிரகாசி வேலை கேட்டு வந்தாள். ஒரு காலத்தில் வெல்டிங் வேலை பார்த்தவள்தான். பிறகு படித்து, கப்பல் கம்பெனியில் பெரிய அதிகாரியாகி, கையெழுத்துப் போட்டுப் போட்டே சலித்து, அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு வந்திருந்தாள்.

முதலாளி பர்னபாஸ் சுழல்நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இவ்ளோ படிப்பு இங்க எதுக்கும்மா? நாற்காலியில உக்காந்த கைக்கு வெல்டிங் மறந்திருக்கும். வேற இடம் பாருங்க."

போன பட்டறைகளிலெல்லாம் இதே பேச்சுத்தான். ஆனாலும் பிரகாசி பணிவாகவே கேட்டாள்.

"ஊரே சொல்லுதே, அண்ணாச்சியும் முன்னால வெல்டராத்தான இருந்திய? இப்ப உங்களுக்கும் மறந்துபோச்சா?"

வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கா? மறக்குமா? இப்பக் குடுத்தாலும் ஒட்டுவேன்!" என்று பர்னபாஸ் உறுமினார்.

"அப்ப எனக்கு மட்டும் எப்படி அண்ணாச்சி மறக்கும்?"

பர்னபாஸ் காய்ப்பு மறைந்துபோன தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், ஆணியில் தொங்கிய வெல்டிங் முகமூடிகளில் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். இன்னொன்றைத் தானே மாட்டிக்கொண்டார்.