சொந்தக் காலும் கால் வாடகையும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவின் கட்டைவிரலில் கருவேல முள் ஏறியது. அது எந்த ராஜ்யம் என்று கேட்காதீர்கள். முள் எல்லா ராஜ்யத்திலும் ஒரே மாதிரிதான் குத்தும். விரல் வீங்கி, பாதம் வீங்கி, ராஜா நொண்டி நொண்டி நடந்தார். குளிக்கப் போவதற்கும் ஒருவர் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. சில பேருக்கு ஆயுள் முழுக்க இந்தப் பாடுதானே!

வீக்கம் வடிவதற்குள் உத்தரவு போட்டார். குளக்கரையில் வரிசையாக வீடுகள் எழும்பின. வாசலில் படி கிடையாது, கதவுகள் அகலம், இடறிவிழ நிலைப்படி இல்லை. உடல் ஊனமுள்ள ஏழைகள் அங்கே குடியிருக்கலாம். ஊர் வாடகையில் நாலில் ஒரு பங்கு, அதாவது கால் வாடகை கொடுத்தால் போதும். ராஜாக்கள் போட்ட உத்தரவுகளில் இது நல்ல உத்தரவுதான். ஆனால் அரண்மனையில் நல்ல உத்தரவு எதுவும் வால் முளைக்காமல் வெளியே வந்ததில்லை.

வாலை ஒட்டியவர் அமைச்சர் வரகுணர்.

"மன்னர் மன்னா, சோம்பேறிகள் புகுந்துவிடுவார்கள். 'விண்ணப்பிப்பவர் சொந்தக் காலில் நிற்பவராக இருத்தல் வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுவோம்" என்றார்.

உழைத்துப் பிழைக்கிறவர் என்றுதானே பொருள்? ராஜாவுக்கு வரி கம்பீரமாகப் பட்டது. முத்திரை குத்திவிட்டார்.

அதன் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். கால் இல்லாதவர்கள் தவழ்ந்து வந்தார்கள். "சொந்தக் காலில் நிற்கவில்லையே, போய் வா" என்றார் அமைச்சரின் கணக்கர். கண் தெரியாத சாத்தப்பன் வந்து விறைப்பாக நின்றான். "நிற்கிறாய், சரி. ஆனால் பிறர் கையைப் பிடித்து நடக்கிறாய். அது சொந்தக் காலில் நிற்பதாகுமா?" என்று அவனையும் திருப்பி அனுப்பினார். ஒருவருக்கு அகராதிப் பொருள், இன்னொருவருக்கு வழக்குப் பொருள். ஆக மொத்தம் எவருக்கும் வீடு இல்லை. இல்லை, ஒருவருக்கு மட்டும் கிடைத்தது. அமைச்சரின் மைத்துனர் முழங்கால் வலி என்று சொல்லி முதல் வீட்டில் மூட்டை முடிச்சுடன் குடியேறிவிட்டார்.

இதைக் கேள்விப்பட்ட நாள் முதல் அரண்மனை விகடகவி கூத்தபிரானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் சாதாரணமாகவே ஓர் இடத்தில் உட்காராதவர். மடியில் எப்போதும் வறுத்த கடலை இருக்கும். வாய் சும்மா இருந்தால் கை பரபரக்கும், கை சும்மா இருந்தால் கால் பரபரக்கும். அந்தக் கடலையை அவருக்கு விற்பவள் பூவாயி. வலது கால் முழங்காலுக்குக் கீழே வண்டிச் சக்கரத்தில் போய், மரக்கால் கட்டி நடப்பவள். யானைக் கொட்டடிச் சுவரோரம் ஓலைச் சாய்ப்பு போட்டுக் குடியிருந்தாள். அந்தச் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று பாகன் சொல்லிவிட்டான். ஐப்பசி பிறந்துவிட்டது. வானம் காலையிலிருந்தே கறுத்துக்கொண்டு வந்தது. வீடு கிடைக்காவிட்டால் அவள் மழையில்தான் கிடக்க வேண்டும்.

கூத்தபிரான் சபையில் பேச்சை எடுத்தார். "அரசே, வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. ஏழைகள் தெருவில் கிடக்கிறார்கள். இடையில் ஒரு வரி கிடக்கிறது."

வரகுணருக்கு இவரைக் கண்டாலே ஆகாது. ராஜாவை இவர் சிரிக்க வைப்பதே அவருக்கு வயிற்றெரிச்சல். எனவே அவர் பணிவாக வலையை விரித்தார். "ஆணையை நாங்கள் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுகிறோம், அரசே. தகுதியானவர் வரவில்லை. சொந்தக் காலில் நிற்கும் ஊனமுற்றவர் ஒருவரையாவது விகடகவி நாளைக்குள் கொண்டுவரட்டும். இயலாவிடில் அவர் ஊரை விட்டுப் போகட்டும். காலி வீடுகளை வேறு நல்லவர்களுக்கு அளிப்போம்."

அந்த நல்லவர்கள் யார் என்பது சபைக்கே தெரியும். ராஜாவுக்கோ போட்டி என்றால் கொள்ளை ஆசை. "அப்படியே ஆகட்டும்" என்று தொடையைத் தட்டினார்.

கூத்தபிரான் வெளியே வந்து நடந்தார், நடந்தார், நின்ற இடத்துக்கே திரும்பி வந்தார். தான் ஊரை விட்டுப் போவது கிடக்கட்டும், பூவாயிக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அவர் யோசனை. கோட்டை வாசலில் அவளே கூடையுடன் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கணக்கர் என் காலைத் தட்டிப் பாக்குறாரு சாமி, தேங்காய் வாங்குறவரு மாதிரி. 'இது கட்டை, காலு இல்ல'ங்கறாரு. கடலை வித்துச் சேத்த காசைத் தச்சருகிட்டக் குடுத்து நானே வாங்குன காலு. எனக்கு அழுகையா வந்துருச்சு" என்றாள்.

கூத்தபிரானின் வாயில் கடலை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மென்றார். "பூவாயி, நாளைக்குச் சபைக்கு வந்து இதையே சொல்வாயா?"

"சொல்றதுக்கு என்ன சாமி? படி ஏறத்தான் நேரமாகும்."

மறுநாள் சபையில் அவளைக் கண்டதும் வரகுணர் சிரித்தார். "இதுவா கால்? இது மரம்."

"அமைச்சர் பெருமானே, தங்கள் கால் தங்களுக்கு எப்படி வந்தது?" என்று கூத்தபிரான் கேட்டார்.

"இதென்ன கேள்வி? பிறவியிலேயே வந்தது. என் பெற்றோர் தந்தது."

"அப்படியானால் அது பிதுரார்ஜிதம். பூர்வீகச் சொத்து. தாங்கள் ஒரு காசு கொடுத்து வாங்கியதில்லை. என் கால்களும் அப்படித்தான். பொறுத்தருள வேண்டும் அரசே, சிம்மாசனத்தைப் போலத் தங்கள் திருவடிகளும் முன்னோர் வழியில் வந்தவையே. ஆனால் இந்தப் பூவாயியின் கால் சுயார்ஜிதம். கடலை விற்ற காசில் வாங்கியது. இந்தச் சபையில் சொந்தக் காலில் நிற்பவள் இவள் ஒருத்திதான். நாமெல்லாம் அப்பன் வீட்டுக் காலில் நிற்கிறோம்."

சபையில் இருந்தவர்கள் குனிந்து தத்தம் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். வரகுணர் மட்டும் விடவில்லை. "ஒரு கால்தானே வாங்கியது? இடது கால் பூர்வீகம் அல்லவா?"

"ஆணையில் 'காலில்' என்று ஒருமைதானே இருக்கிறது? 'கால்களில்' என்று இல்லையே. ஒன்று போதும்."

"அப்படியானால் அந்த ஒன்றில் மட்டும் நிற்கச் சொல்லும் பார்ப்போம்" என்றார் வரகுணர்.

இதைக் கூத்தபிரான் நினைத்துப் பார்க்கவில்லை. பளிங்குத் தரை வழுக்கும். அவர் ஓரடி முன்னால் வந்தார். பூவாயி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். கடலைக் கூடையைத் தலைமேல் வைத்துக்கொண்டு இடது பாதத்தைத் தரையிலிருந்து தூக்கினாள். கட்டை லேசாக ஆடியது. பிறகு ஆட்டம் நின்றது.

"தெனமும் இப்படித்தாங்க சாமி. செருப்பில்லாத அந்தக் காலை வெயில் சுட்டா தூக்கிக்கிட்டு இதுலதான் நிப்பேன்" என்றாள். "எம்புட்டு நேரம் நிக்கணும்?"

ராஜா எழுந்தே விட்டார். "போதும் தாயே, காலை இறக்கு. வீடு உனக்கு. அமைச்சரே, அந்தச் சாத்தப்பனையும் மற்றவர்களையும் இன்றே அழைத்து வாரும். ஆமாம், முதல் வீட்டில் யாரோ இருக்கிறாராமே?"

"தங்கள் அமைச்சரின் மைத்துனர், அரசே. காலி செய்து போகட்டும். இருந்த வரைக்கும் ஆணைப்படி அவர் தர வேண்டியது கால் வாடகை" என்றார் கூத்தபிரான். "அவருக்கு இரண்டு இருக்கின்றன. ஒன்றை வைத்துவிட்டுப் போனால் போதும்."

தூணுக்குப் பின்னால் நின்றிருந்த மைத்துனர் அதைக் கேட்டதும் எடுத்தார் ஓட்டம். மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கியவரைப் பார்த்து, "முழங்கால் வலி குணமாகிவிட்டது, அரசே" என்றார் கூத்தபிரான். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த வேகத்தில் கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடகவிக்குப் போட்டார்.

"மாலை இருக்கட்டும் அரசே, எனக்கு வேறொரு பரிசு வேண்டும். அந்த வரியைத் தாங்களே அடித்துவிட வேண்டும். வீடு கேட்டு வருகிறவர்களை இனி கோட்டை வாசலிலேயே, பாய் போட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்."

ராஜா அங்கேயே எழுத்தாணி கேட்டு வாங்கி அந்த வரியைக் கீறிவிட்டார்.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. கூத்தபிரான் நனைந்துகொண்டு குளக்கரைக்கு ஓடினார். கூரை ஒழுகுமோ, கதவு சாத்துமோ என்று அவருக்கு ஆயிரம் கவலை. உள்ளே பூவாயி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மரக்காலைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தாள்.

"வாங்க சாமி, உக்காருங்க" என்றாள். "இனிமே இங்க யாரும் நிக்க வேண்டாம்."

கூத்தபிரான் உட்கார்ந்தார். மழை விடும் வரை அசையவே இல்லை.