மேலிடத்துக்குச் சாட்சி சொன்ன ஓணான்

ஓணானுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், அதன் கழுத்து உலக்கை மாதிரி நேராக நிற்கும். மேலும் ஆடாது, கீழும் ஆடாது. கேட்டதற்கு வாயால்தான் பதில் சொல்லும். சொல்வது மெய்யாகவும் இருக்கும். பூலாங்காட்டில் யாருடைய ஆடு யாருடைய தினையை மேய்ந்தது என்று சண்டை வந்தால், பாறைமேல் வெயில் காய்கிற ஓணானிடம்தான் போய் நிற்பார்கள். "கறுத்த கிடாய். காதில் ஓட்டை. இரண்டு வரிசை தின்றது" என்று அது சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை.

பூலாங்காட்டில் மழைக்குக் குறைவில்லை. ஆனால் பெய்கிற மழை ஒரு நாள்கூட ஊரில் நிற்காது. மலையிலிருந்து இறங்கி, ஊரைக் கழுவிவிட்டு, கடலைப் பார்த்து ஓடிவிடும். மாசி பிறந்தால் குடிக்கத் தண்ணீருக்கு ஐந்து கல் நடக்க வேண்டும்.

கிணறு வெட்டுகிற கொற்றிதான் ஒருநாள் ஊர்க் கூட்டத்தில் சொன்னாள். "ஓடுற தண்ணிய நாம உட்கார வச்சா என்ன? குறுக்கே ஒரு கரை போடுவோம். வேணுங்கிறப்போ திறந்துவிட ஒரு மடை வைப்போம்."

மூன்று கோடை உழைத்தார்கள். மண்ணை வெட்டினார்கள், கூடை கூடையாகச் சுமந்தார்கள், கழுதைகள் சுமந்தன, எருமைகள் களிமண்ணை மிதித்தன. மடைக்கல் ஒன்றை மலையில் பிளந்து எடுத்தார்கள். இரண்டு எருமை கனம் அது. பனந்தடிகளை உருளையாகப் போட்டு, வழியெல்லாம் ஈரக் களிமண் பூசி, வழுக்க வைத்து இழுத்து வந்தார்கள். அதற்கு மட்டும் நாற்பது நாள் ஆனது. தப்பான சாய்வில் இரண்டு முறை வைத்து, இரண்டு முறையும் பிடுங்கி, மூன்றாம் முறைதான் கல் சரியாக உட்கார்ந்தது. இத்தனையையும் ஓணான் பாறைமேல் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

வேலை முடிந்த அன்று கொற்றி கரைமேல் ஏறி நின்று, உழைத்தவர்கள் பெயரையெல்லாம் உரக்கச் சொன்னாள். மனிதர் பெயர் சொன்னாள், கழுதை பெயர் சொன்னாள், புழுவைக் கொத்திக் கரையைக் காத்ததற்காகக் கொக்கின் பெயரும் சொன்னாள். ஓணான் பெயர் வரவில்லை.

"என் பேர் விட்டுப்போச்சே, தாயி" என்றது ஓணான்.

"நீ என்னண்ணே சுமந்தே?"

"நான் பார்த்தேன்."

"பார்த்ததுக்கு எப்படிண்ணே பேர் சொல்றது?" என்று கேட்டுவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள். ஓணானுக்கு அது உறுத்தியது. மூன்று வருஷம் கண்ணிமைக்காமல் பார்ப்பதும் ஒரு வேலைதானே என்று அது நினைத்துக்கொண்டது.

நாலாம் நாள் காலையில், கவிழ்த்துப் போட்ட அண்டா மாதிரி ஒன்று வானத்திலிருந்து இறங்கிக் கரைக்குப் பக்கத்தில் நின்றது. ஊரில் எல்லாரும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். அண்டாவின் வயிறு திறந்து மூன்று பேர் இறங்கினார்கள். தென்னை மட்டை மாதிரி நீளமான கால், முறம் மாதிரி அகலமான பாதம். மூவரில் மூத்தவன் கரையைப் பார்த்தான், மடையைப் பார்த்தான், அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்து அழத் தொடங்கினான்.

"எதுக்குய்யா அழுவுறே?" என்று ஓணான் கேட்டது.

"நாங்கள் அறிவு புகட்ட வந்தவர்கள்" என்றான் அவன். "பின்தங்கிய உலகங்களுக்குச் சென்று, தீ மூட்டுவதையும் நீர் தேக்குவதையும் கற்றுத்தருவது எங்கள் பணி. சென்ற உலகத்திலும் தாமதமாகப் போனோம். அதற்கு முந்தியதிலும் தாமதம். இங்கும் எல்லாம் முடிந்துவிட்டது. மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வேன்?"

"மேலிடம்னா?"

அவன் விரலை வானத்துக்கு நீட்டினான்.

கொஞ்ச நேரம் மூவரும் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். பிறகு மூத்தவன் ஓணானுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான். "இந்தக் கரையைக் கட்டக் கற்றுத்தந்தவர்கள் நாங்கள்தான் என்று தாங்கள் ஒரு சாட்சி சொல்ல வேண்டும்."

"நான் வாயால பொய் சொல்றதில்ல."

"வாய் எதற்கு? மேலிடம் கேட்கும்போது தலையை மேலும் கீழுமாக அசைத்தால் போதும். தங்கள் பெயரை எங்கள் ஏட்டில் முதல் சாட்சி என்று பொறிப்போம். தங்கள் கழுத்துக்குச் செந்நிறமும் பூசுவோம். எவ்வளவு தூரத்திலிருந்தும் எல்லாரும் தங்களைக் காண்பார்கள்."

பெயர் என்றதும் ஓணான் மனசு இளகிவிட்டது. வாயால் சொன்னால்தானே பொய் என்று அது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. அவர்கள் அதன் கழுத்தில் சிவப்பைப் பூசி, எண்ணெய் மாதிரி எதையோ தடவிக் கழுத்தை இளக்கிவிட்டார்கள். அண்டாவுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது. "இக்கரையைக் கற்பித்தவர்கள் எம்மவர்களா?"

ஓணான் தலையாட்டியது.

"சரியாகத் தெரியவில்லை. மீண்டும்."

மீண்டும் ஆட்டியது.

"புழுதி மறைக்கிறது. மீண்டும்."

இப்படி நூறு தடவைக்கு மேல் ஆட்டிய பிறகுதான் மேலிடத்துக்குத் திருப்தி வந்தது. "பதிவு செய்தாயிற்று. நாம் கற்பித்தது நம் உடைமை. மாதிரிக்கு ஒரு கல்லை எடுத்து வாருங்கள்."

அண்டாவிலிருந்து ஒரு வெளிச்சம் நீண்டது. மடைக்கல் முளைக்குச்சியைப் பிடுங்கியது போலக் கிளம்பி மேலே போய் அந்தரத்தில் தொங்கியது. மடை வாய் பிளந்து கிடந்தது.

காட்டிலிருந்து பார்த்த ஊர் ஓடிவந்தது. முன்னால் கொற்றி. வடகிழக்கில் கருமேகம் மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கல்ல இறக்குய்யா" என்றாள் கொற்றி, மூச்சு வாங்க. "நாளைக்கு வெள்ளம் வரும். மடை திறந்து கெடந்தா கரை மொத்தமும் போயிரும்."

"இது எங்கள் கல் என்று பதிவாகிவிட்டது, அம்மா. சாட்சி இருக்கிறது."

"யாரு சாட்சி?"

மூத்தவன் ஓணானைக் காட்டினான். ஊரே திரும்பியது. அதன் கழுத்து செக்கச் செவேல் என்று இருந்தது.

"அண்ணே, இவங்களா கட்டினாங்க?" என்று கொற்றி மெதுவாகக் கேட்டாள்.

ஓணானுக்கு அழுகை வந்தது. "இல்ல, தாயி. நீங்கதான்" என்றது. சொல்லும்போதே தலை மேலும் கீழும் ஆடியது. நிறுத்தப் பார்த்தது. இளகின கழுத்து நிற்கவில்லை. வாய் இல்லை என்றது, தலை ஆமாம் என்றது. அண்டாவிலிருந்து குரல் வந்தது. "சாட்சி உறுதி செய்கிறது."

கொற்றி ஓணானை அதற்குமேல் பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூத்தவனிடம் போனாள். "சரி, நீதான் கத்துக் குடுத்தேன்னே வச்சுக்குவோம். கல்லத் திரும்ப வச்சுக் காட்டு. வச்சுட்டா கரைய நீயே எடுத்துக்க."

மூத்தவன் அண்டாவைப் பார்த்துக் கைகாட்டினான். வெளிச்சம் கல்லை இறக்கியது. கல் குறுக்கே விழுந்தது. தூக்கி மறுபடி இறக்கினார்கள். தலைகீழாக நின்றது. ஐந்தாவது தடவை மூத்தவன் கைகட்டி நின்றான்.

"எங்களுக்கு எடுக்கத் தெரியும், அம்மா. வைக்கத் தெரியாது."

"அது நல்லாவே தெரியுது. எறங்கு மடைக்குள்ள."

மழை மலையில் பிடித்துக்கொண்டது. கொற்றி மூவரையும் களிமண்ணில் இறக்கிவிட்டாள். முறம் மாதிரிப் பாதங்கள் களிமண் மிதிக்க எருமைக் குளம்பைவிட வாகாக இருந்தன. கல்லின் முகம் தண்ணீரைப் பார்த்து ஏன் சாய வேண்டும், களிமண்ணில் வைக்கோல் ஏன் சேர வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, மூத்தவன் மறக்காமல் இருக்கத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டான்.

நடுவில் மேலிடம் கூப்பிட்டது. "அங்கே என்ன செய்கிறீர்கள்?"

"கற்றுக்கொண்டிருக்கிறோம்" என்றான் மூத்தவன், முழங்கால் வரை சேற்றில் நின்றபடி.

இடி இடித்தது. "கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களா? நன்று" என்றது குரல்.

"அப்படி இல்லை ஐயா, இந்த அம்மாள்தான் எங்களுக்கு..." என்று அவன் கத்தினான். அதற்குள் குரல் போய்விட்டது.

பொழுது சாய்வதற்குள் கல் உட்கார்ந்தது. மறுநாள் செந்நிறமாக வந்த வெள்ளம் கரையில் முட்டியது, கொஞ்சம் யோசித்தது போலச் சுழன்றது, பிறகு அடங்கி நின்றது. பூலாங்காட்டில் முதல் தடவையாகத் தண்ணீரில் வானம் தெரிந்தது. கொற்றி மடைக்குள் கை விட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"கல் உங்களுடையது" என்றான் மூத்தவன். "ஏட்டில் மட்டும் அழிக்க முடியவில்லை. மேலிடத்தில் எழுதினால் எழுதினதுதான்."

"எழுதிக்கட்டும். தண்ணி இங்கதானே கெடக்கு" என்றாள் கொற்றி. அவர்களுக்கு வழிக்குக் கேழ்வரகுக் களி கட்டிக் கொடுத்தாள். அதையும் எப்படிக் கிண்டுவது என்று கேட்டுக்கொண்டுதான் அவர்கள் அண்டாவில் ஏறினார்கள்.

ஓணானிடம் அதன்பிறகு யாரும் சாட்சி கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிக்கொண்டே ஆமாம் என்று ஆடுகிற தலையை வைத்துக்கொண்டு எந்த வழக்கைத் தீர்ப்பது? அது கொஞ்ச காலம் எல்லாரிடமும் போய் நடந்ததைச் சொல்லிப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் தலை முந்திக்கொண்டது. கடைசியில் வெட்கப்பட்டு, பேசுவதையே விட்டுவிட்டு வேலிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஓணான் கழுத்து சிவந்ததும், வேலியில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அது தலையாட்டத் தொடங்கியதும் அன்று முதல்தான். பெரிய கரையையோ பெரிய கல்லையோ பார்த்து யாராவது, "இதை மனுஷனா செஞ்சிருப்பான்? வானத்திலிருந்து வந்தவங்கதான் செஞ்சிருக்கணும்" என்று சொல்லும்போது, பக்கத்து வேலியில் எப்படியும் ஒரு ஓணான் இருக்கும்.